ஓரத்தில் எழுதிய வசனம்

பனிக்காலத்தில் அந்த மலை மடத்து வாசலுக்கு வெளியே ஒருவனை விட்டுக் கதவைச் சாத்தினால், அவன் மறுநாள் காலையைப் பார்க்க மாட்டான். கதை கேட்பவர்கள் இதை மறக்கக் கூடாது. மடத்திலும் யாரும் மறக்கவில்லை. நோன்பை முறித்ததற்காக முந்தைய வருஷம் வெளியே அனுப்பப்பட்ட துறவியை, பனி உருகிய பிறகுதான் எடுத்துப் புதைத்தார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நற்செய்தி நூலை இரண்டு மொழிகளில் பிரதியெடுத்தார்கள். கிரேக்கம் தெரிந்தவர் கோஸ்பெர்ட் ஒருவர்தான். ஆட்டுத்தோல் தாளில் கீறிய கோடுகளில் அவர் முதலில் கிரேக்கத்தை எழுதுவார். பிறகு ஓட்கர் என்ற துறவி, இரு மொழியும் உள்ள மூலப் பிரதியைப் பார்த்து, ஒவ்வொரு கிரேக்கச் சொல்லின் மேலேயும் அதற்குரிய இலத்தீன் சொல்லைப் பொடி எழுத்தில் எழுதுவார். பிழை வந்தால் கத்தியால் சுரண்டுவார்கள். சுரண்டிய இடம் சொரசொரப்பாகிவிடும்.

வேலை தொடங்கிய அன்றே மடாதிபதி பலிபீடத்தில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார்: "இந்த நூலில் ஒரு வசனம் தொலைந்தாலும், தொலைத்தவனுக்கு இந்த மடத்தில் இடமில்லை. அன்றைக்கே வெளியே போக வேண்டும்."

நூல் முடிந்தது. கிரேக்கம் படிக்கத் தெரிந்த நீலோஸ் என்ற விருந்தினர் அதைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இந்த வசனத்துக்குக் கிரேக்கம் இல்லையே! இலத்தீன் மட்டும் ஓரத்தில் இருக்கிறது."

கோஸ்பெர்ட் ஓட்கரைக் கைகாட்டினார். "நான் எழுதினேன் சுவாமி! இவன்தான் சுரண்டிவிட்டான். என்மேல் பொறாமை!" என்று அலறினார்.

"நீ என்ன சொல்கிறாய்?" என்று மடாதிபதி ஓட்கரைக் கேட்டார்.

ஓட்கர் வாயைத் திறந்தார். கோஸ்பெர்ட்டைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மடாதிபதி அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். முழுவதும் வழவழவென்று இருந்தது. கீறிய கோடுகளில் ஒன்றுகூடக் காலியில்லை. வெளியே காற்று கதவை உலுக்கியது. வாயிற்காப்பவர் தாழ்ப்பாளில் கைவைத்துக் காத்திருந்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: சத்தியத்தின்படி வெளியே போக வேண்டியவர் யார்?

விடை: யாருமில்லை. சுரண்டியிருந்தால் தாள் சொரசொரத்திருக்கும், ஒரு கோடும் காலியாகியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு வசனங்கள் ஒரே சொல்லில் முடிந்ததால், கோஸ்பெர்ட்டின் கண் ஒன்றைத் தாண்டிவிட்டது. கீழே கிரேக்கம் இல்லாமல் இலத்தீன் மிஞ்சியபோதே ஓட்கருக்கு அது தெரிந்துவிட்டது. சொன்னால் கோஸ்பெர்ட்டின் உயிர் போகும், விட்டுவிட்டால் வசனம் போகும். அதனால் அதை ஓரத்தில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டார். வசனம் தொலையவில்லை. கதவும் திறக்கப்படவில்லை.

விடுபட்ட கிரேக்கத்தை எழுத கோஸ்பெர்ட் மறுநாள் உட்கார்ந்தார். மை உறைந்துபோயிருந்தது. எதிரே ஓட்கர் மைக்கொம்பைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்து இளக்கிக்கொண்டிருந்தார்.

"இளகிவிட்டது, எழுதுங்கள்" என்று நீட்டினார். கோஸ்பெர்ட்டால் தலை நிமிர முடியவில்லை.