கொலுமண்டபத்தில் சேறு

செவ்வந்திபுரத்து ராஜா விசயமாறர் மதயானைக்குப் பயப்பட மாட்டார், எதிரிப் படைக்கும் பயப்பட மாட்டார். மகன் ஒரு தும்மல் போட்டால் மட்டும் வைத்தியரைத் தேடி ஓடுவார். பெற்ற மனசு, என்ன செய்ய?

அந்த அரண்மனையில் பிள்ளை மனை என்று ஒன்று உண்டு. சமையல்கட்டிலும் பூந்தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களின் சின்னக் குழந்தைகள் பகலெல்லாம் அங்கேதான். மகாராணி கெட்டிக்காரி, தன் மகன் சின்ன மாறனையும் அவர்களோடு விட்டிருந்தாள். பார்த்துக்கொள்கிறவள் வடிவாம்பாள். எந்தப் பிள்ளை விழுந்தால் தானே எழுந்துகொள்ளும், எதை ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலையில் எல்லோரையும் முற்றத்தில் அவிழ்த்துவிடுவாள். பசி எடுத்ததும் தாமாகச் சோற்றுக்கு வந்துவிடும்.

ஒருநாள் சின்ன மாறன் வேப்பமரத்தடியில் ஓடி விழுந்தான். முழங்காலில் கடுகளவு சிராய்ப்பு. அரண்மனை வைத்தியர் சிற்றம்பலப் பண்டிதர் அதன் மேல் அடை கனத்துக்கு ஒரு பற்றுப் போட்டார். அதோடு விட்டாரா? வெயில் ஆகாது, காற்று ஆகாது, மண் ஆகவே ஆகாது என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜாவும் உத்தரவு போட்டுவிட்டார்: பிள்ளை மனைக் குழந்தை எதுவும் அரண்மனைக் கூரையைத் தாண்டக் கூடாது.

அன்றிலிருந்து மெத்தையும் திரைச்சீலையும்தான். குழந்தைகளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பொழுது போகாமல் ஒன்றையொன்று கடித்து வைத்தன.

இந்த லட்சணத்தில் பொன்னேர்த் திருநாள் நெருங்கியது. அந்த நாட்டு வழக்கப்படி ராஜா பொன் கட்டிய ஏரைப் பிடித்து முதல் சால் உழுவார். அவர் வாரிசு வெறுங்காலோடு பின்னாலேயே ஈரச்சேற்றில் நடக்க வேண்டும். ஊரே வரப்பில் நின்று பார்க்கும். ஒத்திகைக்காக ஒரு தாம்பாளத்தில் ஈரமண்ணைக் கொட்டிச் சின்ன மாறனை அதில் நிறுத்தினார்கள். பையன் போட்ட அலறலில் மாடத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டது. வடிவாம்பாள் சரியாகப் பழக்கவில்லை என்றார் பண்டிதர், கொஞ்சமும் கூசாமல்.

ராஜா, சபையில் வாய்ச் சாமர்த்தியத்தால் பிழைக்கிற குழைக்காதனைக் கூப்பிட்டார்.

"நான் மாமனார் ஊருக்குப் போய்விட்டுப் பொன்னேருக்கு முந்தின நாள் வருவேன். அதற்குள் பிள்ளையைச் சேற்றுக்குப் பழக்கிவிடு. கூரையைத் தாண்டிக் கூட்டிப்போகக் கூடாது. வயலில் இறங்க அவன் அழுதால் வடிவாம்பாளுக்கு இங்கே வேலை இல்லை."

வடிவாம்பாள் போய்விட்டால் குழைக்காதன் பாடும் திண்டாட்டம்தான். அவன் மகள் குமுதாவும் பிள்ளை மனையில்தான் வளர்ந்தாள். தாயில்லாக் குழந்தை, வடிவாம்பாள் ஊட்டினால்தான் வாயைத் திறக்கும். நேரே அவளிடம் போய் ராஜா சொன்னதைச் சொன்னான். ஊரையே சிரிக்கவைக்கிற மனுஷனுக்கு இதற்கு ஒரு வழி தெரியவில்லையா என்று அவள் இடித்துக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "எனக்குக் கொஞ்சம் மண்ணும் தண்ணியும் கொடுங்க. மீதியைப் பிள்ளைங்களே பார்த்துக்கும்."

குழைக்காதன் அண்ணாந்து பார்த்தான். அரண்மனைக் கூரை, கூரையின் கீழே எத்தனையோ இடம். அதில் ரொம்பப் பெரியது எது? அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

ராஜா ஊரிலிருந்து திரும்பி, பண்டிதரோடு கொலுமண்டபத்துக்குள் காலை வைத்தார். பொன் மிதியடி சேற்றில் புதைந்து அங்கேயே நின்றுவிட்டது. மண்டபம் முழுக்க வயல் மண். இரண்டு தூணுக்கு நடுவே கயிற்று ஊஞ்சல். சிம்மாசனப் படியில் ஒரு பலகையைச் சாய்த்து, குழந்தைகள் அதில் சறுக்கி விழுந்துகொண்டிருந்தன. வடிவாம்பாள் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை, யாரையும் கண்ணிலிருந்து விடவும் இல்லை.

இடுப்பு வரை சேறாக ஓர் உருவம் ராஜாவிடம் வந்து, கையிலிருந்த மண் உருண்டையை நீட்டியது. "இட்லி சாப்பிடுங்கப்பா."

பெற்ற மகனை அடையாளம் தெரிய ராஜாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இட்லியை வாங்கிக்கொண்டு, குழைக்காதனை முறைத்தார். கூரையைத் தாண்ட வேண்டாம் என்ற உத்தரவை அப்படியே காப்பாற்றியிருப்பதாகக் குழைக்காதன் பணிவோடு சொன்னான்.

"அப்படியானால் நான் எங்கே கொலு இருப்பது?"

"முற்றம் சும்மாதானே கிடக்கிறது, மகாராஜா. வேப்பமரத்தடியில் சிம்மாசனத்தைப் போட்டுவிடலாம். வெயிலும் காற்றும் மண்ணும் தங்கள் உடம்புக்கு ஆகுமா என்பதைப் பண்டிதர்தான் சொல்ல வேண்டும்."

பண்டிதருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆகாது என்றால் ராஜாவுக்கு உட்கார இடமில்லை. "வேப்பங்காற்று ரொம்ப நல்லது மகாராஜா. இளவெயில் எலும்புக்கு உரம்" என்று மென்று விழுங்கினார்.

"எனக்கு மட்டும்தான் எலும்பா? என் பிள்ளைக்கு இல்லையா?" என்றார் ராஜா. முற்றம் அன்றே குழந்தைகளுக்குத் திரும்பியது. ஆனால் வடிவாம்பாள் விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை. அதை நாளைக்கு வயலில் பார்க்கலாம் என்றுவிட்டார்.

மறுநாள் வரப்பெல்லாம் ஜனம். குழைக்காதன் குமுதாவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். ராஜா ஏரை அழுத்தினார். சின்ன மாறன் சாலில் குதித்து, அப்பா பின்னாலேயே சளக் சளக்கென்று கடைசி வரை நடந்தான். ஊர் குலவையிட்டது. சேவகர்கள் தூக்க வந்ததும் சேற்றில் உட்கார்ந்துகொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தான்.

பண்டிதர் முகம் மலர்ந்தது. "மகாராஜா, இளவரசர் அழுகிறார். தங்கள் உத்தரவு..."

ராஜா குழைக்காதன் பக்கம் திரும்பினார். "என்னப்பா சொல்கிறாய்?"

"வயலில் இறங்க அழுதால் என்றுதான் உத்தரவு, மகாராஜா. கரையேற அழுவதற்கு இன்னும் உத்தரவு போடவில்லையே."

ராஜா ஏரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வடிவாம்பாளுக்குக் கொடுத்தார். குழைக்காதனுக்கு ஒரு பசுவும் கன்றும். பண்டிதரையும் விட்டுவிடவில்லை. கொலுமண்டபத்து மண்ணை அள்ளித் திரும்ப வயலுக்குச் சுமக்கிற வேலையை அவருக்குக் கொடுத்தார், வெயிலும் காற்றும் எலும்புக்கு உரமாயிற்றே.