தட்டக் கூடாத கதவு

கோயம்புத்தூர்க் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் தலைமை எஞ்சினியர் சிதம்பரநாதன் வைத்ததுதான் சட்டம். அங்கே செய்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உயிர்நாடியான கெர்னல் ஓடும்போதே படுத்துவிடும். ஏன் படுத்தது என்று விசாரிக்க, பிழை தேடும் டீபக்கர் புரோகிராமின் திரை வரும். அதில் யூஎஸ்பி கீபோர்டைத் தட்டினால் ஓர் எழுத்துகூட விழாது.

"ஓட்டை கீபோர்டு!" என்று ஏழு கீபோர்டை மாற்றினார். எட்டாவதும் ஊமை. கோபம் தற்காலிக வேலைக்கு வந்த மரகதவல்லி மேல் பாய்ந்தது.

"மூணு மணிக்குக் காரணம் சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு வராதே!"

சொல்லிவிட்டு அறைக்குள் சாத்திக்கொண்டார். கதவில் எப்போதும் தொங்கும் பலகை: 'தட்டக் கூடாது.'

நாலு மணிக்குக் கதவு படாரென்று திறந்தது. "ஏன் வரல?"

"மூணு மணியிலேர்ந்து இங்கேதான் நிக்கறேன் சார். தட்டக் கூடாதுன்னு போட்டிருக்கே!"

"நீ நிக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் எட்டிப் பார்க்கணும் சார். டீபக்கரும் உங்களை மாதிரிதான். யாரும் தட்டக் கூடாதுன்னு சாத்திக்குது. கீபோர்டு பாவம், எழுத்தோட வாசல்ல நிக்குது. டீபக்கரே அப்பப்ப எட்டிப் பார்க்கற மாதிரி இருபது வரி புரோகிராம் எழுதிட்டேன்."

ஆபீசே கூடிவிட்டது. கெர்னல் வழக்கம்போல் படுத்தது. மரகதவல்லி தட்டினாள். விழுந்ததய்யா எழுத்து! ஒரே கைதட்டல். கெர்னலைக் கவிழ்த்த வரியும் அகப்பட்டது. அந்த வரி இருந்த பைலின் தலையில் எழுதியவர் பெயர்: சிதம்பரநாதன்.

அவர் விறுவிறுவென்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் கதவு மெல்லத் திறந்தது. தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"அட, இங்கேயும் வேலை செய்யுதே!" என்றாள் மரகதவல்லி.