எல்லாமே சுட்டது

பேசிப் பேசியே பகைவனை வளைத்துப்போடும் கணினி விளையாட்டு ஒன்று இருந்தது. ஒரு நிறுவனத்தார் அதே பெயரில், பேச்சே இல்லாத துப்பாக்கி விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுவதற்காக அதை இரண்டு நாள் விளையாடிப் பார்த்த தமயந்தி நொந்துபோனாள்.

"கோட்டை ஒருத்தர் விளையாட்டுலேர்ந்து, பேய் இன்னொருத்தர் விளையாட்டுலேர்ந்து. எல்லாம் உருவினது சார்!"

"விளம்பரம் தந்திருக்காங்கம்மா. ஒரு குறை எழுதினாலும் உனக்கு இங்க வேலை இல்லை," என்றார் பத்திரிகை ஆசிரியர் புருஷோத்தமன்.

அவள் எழுதினாள்: 'சுடுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. முதல் காட்சியிலிருந்து கடைசிவரை எல்லாமே சுட்டது.'

ஆசிரியர் மகிழ்ந்து அச்சேற்றினார். ஊரே சிரித்தது. விளையாட்டு நிறுவனத்தின் மேலாளர் தமயந்தியிடம் பாய்ந்து வந்தார். "எங்களைத் திருடங்கன்னா எழுதியிருக்கே?"

ஆசிரியர் மறுபடி படித்துப் பார்த்தார். குறை என்று ஒரு சொல்லும் சிக்கவில்லை.

"துப்பாக்கியால சுட்டதைத்தான் சொன்னேன்," என்றாள் தமயந்தி. "வேற எதை சார் சுட்டீங்க?"