பலகையில் வந்த பஸ்

பலகையில் மட்டும் வருகிற பஸ் ஒன்று எங்கள் ஊரில் உண்டு.

பனி மூடிய ஒரு காலையில், உப்புக்கிணறு நிறுத்தத்தில், பஸ் வரும் நேரத்தைக் காட்டும் மின்பலகையைப் பார்வையிட வந்தார் டிப்போ மேனேஜர் வைத்தியலிங்கம். மில்லுக்குப் போகக் காத்திருந்த அஞ்சலாட்சி அவரை மறித்தாள்.

"பஸ் வரலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். இன்னிக்கும் லேட்டுன்னா வேலையை விட்டுத் தூக்கிருவாங்க."

"படிக்கத் தெரியுமில்ல? பஸ் வருதுன்னு போட்டிருக்கு பாரு. பலகை பொய் சொல்லாதும்மா."

அந்நேரம் பலகைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் பேசியது: "பேருந்து வந்துவிட்டது. ஏறிக்கொள்ளவும்."

சாலை வெறிச்சென்று கிடந்தது.

அஞ்சலாட்சி சாலையில் இறங்கி, காலைத் தூக்கி, இல்லாத படியில் ஏறினாள். அவள் பின்னால், நிறுத்தத்தில் காத்திருந்த கூட்டமே ஏறியது. கைகள் அந்தரத்தில் கம்பியைப் பிடித்தன. எல்லா உடம்பும் ஒன்றுபோல லேசாக ஆடியது. "உள்ள போங்கப்பா, படியில நிக்காதீங்க" என்றார் ஒரு கிழவர். யாரும் சிரிக்கவில்லை.

அஞ்சலாட்சி கையை நீட்டினாள். "ஏறுங்க சார், கிளம்பப் போகுது."

மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார். "யம்மா... பஸ் எங்கம்மா? பஸ்ஸே வரலியே!"

அவள் நீட்டிய கையில் பேனா இருந்தது.

"அதைத்தான் சார். அப்படியே எழுதிக் குடுங்க."