பெயர் சொல்லி அழைத்த பிழைப் பக்கம்

ஆறுமுகநயினார் இருபது வருடம் ஒரு சினிமா தியேட்டரில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். தியேட்டரை மூடிய பிறகு, தன்னைவிடப் பதினாறு வயது இளையவளான சுடர்க்கொடியிடம் ஜாவாவில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் மனைவியை மைனி என்பாள்.

ஒரு திறந்தநிலைப் பள்ளிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு விண்ணப்பத் தளம் செய்துகொண்டிருந்தார்கள். மறுநாள் காலை திறக்க வேண்டும்.

போன வருடம் பழைய தளத்தில் அவர் மனைவி முத்துக்கனி விண்ணப்பித்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். கடைசிப் பட்டனை அழுத்தியதும் திரை முழுக்க ஆங்கில வரிகள் கொட்டின. எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து போனை அணைத்துவிட்டாள். கடைசித் தேதி போனது. இந்த வருடம் எத்தனை தடவை கேட்டும், "எனக்கு வேண்டாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிழைப் பக்கமெல்லாம் முடிச்சாச்சு டீச்சர்," என்றார் ஆறுமுகநயினார்.

"எத்தனை?"

"பதினாலு. பக்கம் காணோம்னா ஒண்ணு, அனுமதி இல்லைன்னா ஒண்ணு, இப்படி."

"பதினஞ்சாவதா ஒரு பிழை வந்தா?"

"பிழை எண் எதுவும் போடாமப் பொதுவா ஒரு பக்கம் வச்சிருக்கேன். எதுலயும் சேராததெல்லாம் அங்கதான் போவும்."

"சரிதான். காட்டுங்க."

சோதனைக்காக மனைவி பெயரில் தானே தொடங்கிய கணக்கில் அவர் நுழைந்து, வேண்டுமென்றே ஒரு பிழையைச் செய்தார். பச்சை நிறத்தில் பக்கம் வந்தது. 'முத்துக்கனி அவர்களே, தவறு உங்களுடையது அல்ல. எங்களுடையது. சிறிது நேரம் கழித்து மறுபடி வாருங்கள்.'

"பேரு எங்கேருந்து வருது?"

"டேட்டாபேஸ்லேருந்து. எல்லார் விவரமும் அங்கதான இருக்கு. பேரைச் சொன்னா ஒரு தைரியம் வரும்லா?"

சுடர்க்கொடி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். டேட்டாபேஸை நிறுத்தினாள்.

"இப்ப கடைசிப் பட்டனை அழுத்துங்க."

அழுத்தினார். பச்சைப் பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் மேலிருந்து கீழ்வரை ஆங்கில வரிகள். போன வருடம் முத்துக்கனி பார்த்தது போலவே.

ஆறுமுகநயினார் திரையை நோக்கிக் குனிந்தார். "இப்பதானே நல்லா வந்துச்சு! எங்க தப்பு விட்டேன்?"

"உங்க தியேட்டர்ல கரண்ட் போனா எந்த லைட் எரியும்?"

"கதவு மேல ஒரு சின்ன லைட்டு. பேட்டரியில."

"அதை ஏன் மெயின் லைன்ல கொடுக்கலை?"

"நல்லாக் கேட்டிய போங்க! மெயின்ல கொடுத்தா அதுவும் சேர்ந்துல்லா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு பக்கத்தைத் திறந்து, டேட்டாபேஸில் பெயரைத் தேடிப் போகும் வரியை அழித்தார். அதை எழுத அவருக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.

"பேரு இல்லைன்னா, நமக்குத்தான் சொல்லுதாகன்னு முத்துக்கனிக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"மைனிகிட்டயே கேளுங்க."

மதியம் முத்துக்கனி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். சுடர்க்கொடி அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். டேட்டாபேஸ் இன்னும் நின்றுதான் இருந்தது.

"அந்தக் கடைசிப் பட்டனை அழுத்துங்க மைனி."

"நானா? போன தடவை பட்டது போதாதா? இவுக வேலையையும் கெடுக்கவா?"

"சும்மா அழுத்துங்க."

முத்துக்கனி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். வெறும் மூன்று வரி வந்தது. வாய்விட்டுப் படித்தாள்.

"தவறு உங்களுடையது அல்ல. எங்களுடையது. சிறிது நேரம் கழித்து மறுபடி வாருங்கள்."

இன்னொரு முறை, மெதுவாகப் படித்தாள். கணவரைப் பார்க்கவில்லை. சுடர்க்கொடியைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஒண்ணும் உடைக்கலையா?"

சுடர்க்கொடி டேட்டாபேஸை ஓடவிட்டாள்.

"நிறுத்தி வச்சது நான், மைனி. சரியாயிட்டு. மறுபடி அழுத்துங்க."