மேல் சிவப்புக் கோடு

"பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியுது சார். ஆனா எழுத மாட்டேங்குதுவ" என்றாள் செண்பகவல்லி டீச்சர்.

காஜா சார் கைப்பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

விளையாட்டு வாத்தியார் காஜா மைதீனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் 'சாமியார்' என்று பட்டப்பெயர். தாடி கிடையாது. வயதும் முப்பதுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பார், அதனால் வந்த பேர். பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அதுவும் இன்னொரு கேள்வியாகத்தான் வரும்.

ஆனால் எந்த வகுப்பிலும் அடங்காத பிள்ளை அவரிடம் அடங்கும். அழுதுகொண்டு போன பிள்ளை சிரித்துக்கொண்டு திரும்பும். அதனால் வழி தெரியாமல் முழிக்கிற வாத்தியார்கள் கடைசியில் அவருடைய சாமான் அறை வாசலில்தான் வந்து நிற்பார்கள். யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நிற்பார்கள்.

செண்பகவல்லியும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவரைவிடப் பதினாறு வயது மூத்தவள். பத்தொன்பது வருஷமாக ஒன்றாம் வகுப்பு டீச்சர். இந்தப் பையனிடம் போய் யோசனை கேட்பதா என்று இரண்டு நாள் வீம்பு பிடித்துப் பார்த்தாள். வீம்பு செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் தாங்கியது.

"இங்கிலீஷ்ல பெரிய எழுத்து எங்க போடணும்னு தூக்கத்தில எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் சார். வாக்கியம் ஆரம்பிச்சாப் பெரிசு. ஆள் பேரு பெரிசு. ஊரு பேரு பெரிசு. கிழமை பெரிசு. ராகம் போட்டுல்லா பாடுதுவ! நோட்டைக் கொடுத்தா முப்பத்தொரு பேரும் சின்ன எழுத்து. தன் பேரையே சின்ன எழுத்தில எழுதுதுவ!"

"ம்" என்றார் காஜா சார்.

"பெரிய மேடம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்காவ. பி.எட். முடிச்ச பிள்ளை ஒண்ணு அன்னைக்கு வேலைக்குச் சேருது. நோட்டு சரியாகலேன்னா ஒண்ணாம் வகுப்பு அதுக்கு. எனக்கு ஆபீஸ்ல நாற்காலி."

ஆபீஸ் நாற்காலிக்கு மேலே மின்விசிறி உண்டு. கத்த வேண்டியதில்லை, மூக்குச் சிந்திவிட வேண்டியதில்லை. வேறு யாராவதாக இருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார்கள். அவளுக்கு அந்த முப்பத்தொரு பிள்ளைகளின் இரைச்சலை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

காஜா சார் பம்பைக் கீழே வைத்தார்.

"சிலேட்டில பெரிய எழுத்து போடுதுவளா?"

"போடுதுவ."

"போர்டில?"

"குதிச்சுக் குதிச்சுப் போடுதுவ."

"நோட்டில?"

"இல்ல."

"சிலேட்டில இல்லாதது நோட்டில என்ன இருக்கு டீச்சர்?"

அவ்வளவுதான். பந்தைத் தட்டிக்கொண்டே மைதானத்துக்குப் போய்விட்டார்.

நல்ல சாமியார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வகுப்புக்குத் திரும்பினாள்.

புதன்கிழமை காலையில் அவளே போய் நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். பென்சில்! சிலேட்டுக்குச்சி தடிமன். சாக்பீஸும் தடிமன். பென்சில் ஒல்லி. பிஞ்சுக் கைக்குப் பிடிபடல."

காஜா சார் வலையின் முடிச்சு ஒன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. பென்சிலோட" என்றார்.

வியாழக்கிழமை அவள் இசக்கியைக் கூட்டிக்கொண்டு போனாள். வகுப்பிலேயே குட்டையான பிள்ளை. பேச்சு மட்டும் நீளம்.

காஜா சார் கோடு போடாத வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினார்.

"பேரை எழுதுளா."

இசக்கி மண்டி போட்டு உட்கார்ந்து எழுதினாள். தன் பேருக்கு முதலில் வரும் இங்கிலீஷ் 'ஈ' எழுத்தைத் தாளின் பாதி உயரத்துக்குப் போட்டாள். நெடுக ஒரு கோடு, குறுக்கே மூன்று. சந்தேகமே இல்லாத பெரிய எழுத்து.

செண்பகவல்லிக்கு வாய் பிளந்துவிட்டது. அதே பென்சில். அதே கை.

"இப்ப நோட்டில எழுது."

இசக்கி நாலு கோடு நோட்டைத் திறந்தாள். மேலே ஒரு சிவப்புக் கோடு, நடுவில் இரண்டு நீலக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. நீலக் கோடுகளுக்கு நடுவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, சின்ன 'ஈ' ஒன்றைச் சுருட்டி வைத்தாள்.

"பேருக்கு என்ன எழுத்து போடணும்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"பெரிசு மிஸ்."

"அப்ப ஏன் சின்னது போட்ட?"

இசக்கி கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"இந்த நோட்டுக்குப் பேய் பிடிச்சிருக்கா சார்?" அழுகையும் கோபமும் கலந்து வந்தது செண்பகவல்லிக்கு.

காஜா சார் முதல்முறையாகச் சிரித்தார்.

"நாளைக்கு மூணாவது பீரியடு எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிட்டு வாங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை சார்! பெரிய மேடம் நோட்டு பாக்க வருவாவ!"

"நோட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் செண்பகவல்லிக்கு வெள்ளிக்கிழமை காலை வேறு கதி இல்லை. முப்பத்தொரு நோட்டையும் நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, முப்பத்தொரு பிள்ளைகளையும் வரிசையில் நடத்திக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

வரிசை மைதானத்தைப் பார்த்ததும் சிதறியது.

"நாலு கோடு நோட்டு! மிஸ், நாலு கோடு நோட்டு!"

கோலப்பொடியால் தரையில் நாலு கோடு இழுத்து வைத்திருந்தார் காஜா சார். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும். மேலே சிவப்பு, நடுவில் இரண்டு நீலம், கீழே சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஏழெட்டு அடி இடம்.

பிள்ளைகளைக் கீழ் நீலக் கோட்டில் வரிசையாக நிறுத்தினார். செண்பகவல்லி நோட்டுக் கட்டை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்தாள்.

"நான் ஒரு வார்த்தை சொல்வேன். சின்ன எழுத்துன்னா அப்படியே உக்காரணும். பெரிய எழுத்துன்னா எந்திரிச்சு ஓடி மேல் கோட்டைத் தொடணும். சரியா?"

"சரி சார்!"

விசில்.

"டாக்!"

"சின்னது!" முப்பத்தொரு பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். ஒருவன் உட்கார்ந்த வேகத்தில் உருண்டே போனான். ஒரே சிரிப்பு.

"ட்ரீ!"

"சின்னது!"

"மதுரை!"

"பெரிசு!"

மைதானமே அதிர ஓடினார்கள். செண்பகவல்லிக்கும் உடம்பு சிலிர்த்தது. ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லவில்லையே! ஓடுங்க, ஓடுங்க என்று அவளும் கை தட்டினாள். மேல் நீலக் கோடு போனது, சிவப்புக் கோடு இதோ வந்துவிட்டது.

நின்றுவிட்டார்கள்.

முப்பத்தொரு பேரும், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால். ஓடி வந்த வேகத்தில் முன்னால் சாய்ந்த ஒரு பையன், கோட்டில் விழுந்துவிடக் கூடாதே என்று பின்பக்கமாக உட்கார்ந்தான். இசக்கி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

காஜா சார் மறுபடி விசில் ஊதினார்.

"மண்டே!"

"பெரிசு!" சத்தம் வந்தது. கால் வரவில்லை.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். செண்பகவல்லியைப் பார்த்தார்.

அவளே போய் இசக்கியின் முன்னால் குனிந்தாள்.

"ஏம்ளா தொடல?"

"தொடக் கூடாதுல்லா மிஸ்."

"யாரு சொன்னா?"

இசக்கி அவளை வினோதமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"நீங்கதான் மிஸ். சிவப்பைத் தொட்ட விரலுக்கு ஒண்ணு விழும்னு சொன்னீயல்லா."

"எப்ப?"

"நோட்டு புதுசா கொடுத்தீயளே, அன்னைக்கு. எனக்கு விழுந்துச்சு." குறை சொல்லும் குரலே இல்லை. வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள்.

செண்பகவல்லிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

ஜூன் மாதம். சிலேட்டோடு நாலு கோடு நோட்டும் வந்த முதல் வாரம். சின்ன எழுத்தில் 'ஏ', 'சி', 'ஓ' எல்லாம் நீலக் கோடுகளுக்கு நடுவில் உட்கார வேண்டியவை. பிள்ளைகள் அவற்றைப் பக்கம் முழுக்க மேயவிட்டார்கள். ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். ஒரு விரலில் ஒரு தட்டுத் தட்டினாள். எழுத்தெல்லாம் ஒரே நாளில் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கே பெருமையாக இருந்தது. அதற்கப்புறம் உயரமாக நிற்க வேண்டிய 'பி'யும் 'ஹெச்'சும்கூடக் குட்டையாகவே வந்தன. சின்னக் கை, போகப்போக வந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

அந்த எழுத்துகளுக்கு மட்டும்தான் சொன்னேன் என்று அவள் சொல்லவே இல்லை. இப்போது நவம்பர்.

வெட்கமாக இருந்தது. அழவும் முடியவில்லை, முப்பத்தொரு ஜோடிக் கண்ணும் அவள் மேல்தான் இருந்தது. காஜா சாரைப் பார்த்தாள். அவர் வேப்பமரத்துக் காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லி டீச்சர் செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். கீழ் நீலக் கோட்டுக்குப் போய் நின்றாள்.

"செண்பகவல்லி!" என்று கத்தினாள். "ஆள் பேரு! என்ன எழுத்து?"

"பெரிசு மிஸ்!"

ஓடினாள். நாற்பத்தாறு வயசில், ஆறு கெஜம் புடவையில், மூச்சிரைக்க ஓடி வந்து, இரண்டு காலையும் சேர்த்துச் சிவப்புக் கோட்டின் மேலேயே குதித்தாள். பொடி பறந்தது.

"மிஸ் தொட்டுட்டாவ!" என்று இசக்கி அலறினாள்.

"எல்லாரும் வாங்க!" என்றாள் செண்பகவல்லி. "தொடுங்க! ஒண்ணும் விழாது! மிஸ் சொன்னது தப்பு!"

அதற்குப் பிறகு நடந்ததை விளையாட்டு என்று சொல்ல முடியாது. முப்பத்தொரு பிள்ளைகளும் அந்தக் கோட்டின் மேல் ஏறி மிதித்தார்கள். கையால் தொட்டார்கள், நெற்றியால் தொட்டார்கள், ஒருவன் படுத்தே புரண்டான். "தென்காசி!" என்று ஒருத்தி கத்த, எல்லாரும் கீழே ஓடி மறுபடி மேலே வந்து விழுந்தார்கள். "சண்டே!" என்றான் இன்னொருவன். வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. செண்பகவல்லி சிரித்துக்கொண்டே அழுதாள், எதற்கு என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"என்ன சத்தம் இது?"

பெரிய மேடம். பக்கத்தில் மடிப்புக் கலையாத புடவையில் புதுசாகச் சேர்ந்த டீச்சர், கையில் ஒரு புதுப் பேனாவோடு.

"நோட்டு எங்க டீச்சர்?"

நோட்டுக் கட்டு வேப்பமரத்தடியில் இருந்தது. பெரிய மேடம் மேலே இருந்த இரண்டைப் புரட்டினார். எல்லாம் பழைய பக்கம், எல்லாம் சின்ன எழுத்து. உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்க. என் முன்னால எழுதட்டும்."

யாரைக் கூப்பிடுவது என்று செண்பகவல்லி யோசிப்பதற்குள் இசக்கி வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நோட்டு மடியில். பென்சில் நீலக் கோட்டுக்கு மேலே வந்து நின்றது.

நின்றபடியே இருந்தது.

இசக்கி தலையை நிமிர்த்தினாள்.

"தொடலாமா மிஸ்?"

மன்னிச்சிருளா என்று சொல்லத் தோன்றியது. அந்த விரலைப் பிடித்து முத்தம் கொடுக்கத் தோன்றியது. வாயில் ஒரு வார்த்தைதான் வந்தது.

"தொடு."

இசக்கி பென்சிலைத் தூக்கினாள். சிவப்புக் கோட்டையும் தாண்டி, அதற்கு மேலே வெற்றிடத்தில் ஊன்றினாள். அங்கிருந்து நெடுக ஒரு கோடு இழுத்தாள். குறுக்கே மூன்று. நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

பெரிய மேடம் குனிந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"கோட்டைத் தாண்டிருச்சே டீச்சர்."

"தாண்டிட்டா மேடம்!" செண்பகவல்லி கத்தியே விட்டாள். "பாருங்க, தாண்டிட்டா!"

பெரிய மேடம் சிவப்புப் பொடி அப்பியிருந்த அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். பிறகு புது டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீ மூணாம் வகுப்புக்குப் போம்மா" என்றார்.