பதிமூணாயிரம் கிலோமீட்டரும் எட்டடியும்

ஒரு ஊர்ல ஒரு தூரக்கணக்குக்காரர் இருந்தாராம். பேரு தணிகாசலம். பொழிச்சலூர்ல வீடு. தலைக்கு மேல கொர்ர்ர்னு ஏரோப்ளேன் போனா, "இது எங்க போகுது, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்"னு கடகடன்னு ஒப்பிப்பார். ஒரு தடவைகூட ஏறினதில்ல. ம் சொல்லு, இல்லேன்னா நிறுத்திடுவேன்.

"ம்..."

அவர் பொண்ணு சுகந்தி டொரண்டோவுல மாசமா இருந்தா. முதல் பிரசவம். "அம்மா, நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு தைரியம்"னு போன்ல அழுதா. அப்போ தணிகாசலம் பொண்டாட்டி மனோரஞ்சிதம், "பத்து நாள் முன்னாடியே போயிடலாங்க"ன்னா.

"பத்து நாளா? பதிமூணாயிரம் கிலோமீட்டர், மணிக்குத் தொள்ளாயிரம். பதினாலரை மணி நேரம். டாக்டர் இருபதாந்தேதின்னார், பதினெட்டு கிளம்பினா போதும்."

"நடுவுல ப்ளேன் மாறணுமாமே? குழந்தை தேதி பார்த்தா பொறக்கும்?"

"உனக்குக் கணக்கு தெரியாது." அப்படிச் சொல்றவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அப்புறம் பஞ்சாங்கத்தைப் பார்த்தா, பதினெட்டாந்தேதி நாள் நல்லா இல்ல. கணக்குப் புலி பயந்துடுச்சு. அதுக்குத்தான் பரஸ்தானம் வைப்பாங்க. நல்ல நேரத்துல ஏதாவது ஒண்ணைப் பக்கத்து வீட்ல வெச்சுட்டா, பயணம் அப்பவே ஆரம்பிச்ச மாதிரி. ஊர்ல எல்லாரும் ஒரு வேட்டி, ஒரு தேங்காய் வைப்பாங்க. இவர் ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் வெச்சிருந்த பையையே கொண்டுபோய் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் வீட்ல வெச்சார். முக்கியமானதைத்தான் வைக்கணுமாம்.

பதினெட்டாந்தேதி காலைல போனா, ஏகாம்பரம் வீட்ல பூட்டு. திருப்பதி போயிட்டாராம். டக் டக் டக். யாரும் இல்ல. போன் அடிச்சார். டிரிங் டிரிங், பூட்டின வீட்டுக்குள்ளேயே கேக்குது. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, மேசை மேல பை ஜம்முனு உக்காந்திருக்கு.

"பூட்டை உடைங்க. ஏகாம்பரத்துக்கிட்ட நான் சொல்லிக்கறேன்"னா மனோரஞ்சிதம்.

"பரஸ்தானத்தை உடைச்சு எடுத்தா பயணமே ஆகாது."

வாசல்ல டாக்சி பாம் பாம்ங்குது. அவ கைப்பையைத் திறந்தா. உள்ள அவ பாஸ்போர்ட். "உங்களைத் தெரியுமே. என்னோடதை முந்தாநாளே உருவிட்டேன்"னு சொல்லிட்டு டர்ருனு கிளம்பிட்டா. தூங்கிட்டியா?

"ம்ம்... தனியாவா?"

தனியாத்தான். மூணு எடத்துல மாட்டிக்கிட்டா. முதல்ல பெல்ட் போடத் தெரியல, பக்கத்துல இருந்த பொண்ணு போட்டுவிட்டா. அப்புறம் ப்ளேன் மாறுற ஊர்ல வழி தெரியல, சுகந்தி பேரை எழுதின சீட்டை நீட்டி நீட்டியே கேட்டுப் போனா. மூணாவது, அங்க எட்டு மணி நேரம் காத்திருக்கணும். அதுதான் கஷ்டம். பொண்ணுக்கு என்ன ஆச்சோன்னு உக்காந்து அழுதா.

ஆஸ்பத்திரிக்குப் போறப்போ சுகந்திக்கு வலி எடுத்து ரெண்டு மணி நேரம் ஆயிருந்துது. "அம்மா"ன்னு கையைப் பிடிச்சவ, குவா குவான்னு சத்தம் கேக்கற வரைக்கும் விடல.

அப்புறம் மனோரஞ்சிதம் ஊருக்குப் போன் பண்ணினா. தணிகாசலம் முதல்ல கேட்டது என்ன தெரியுமா?

"எத்தனை மணி நேரம் ஆச்சு?"

"இருபத்தெட்டு. பேத்தி பொறந்திருக்கா. ஏகாம்பரம் வீடு நம்ம வாசல்லேருந்து எவ்வளவு தூரம்?"

"எட்டடி."

"போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

அவ்வளவுதான். கதை தரையிறங்கிடுச்சு. கண்ணை மூடு.